சீலில் ஏழு, சான்றிதழில் ஒன்று

கோத்தகிரியில் நான் நோட்டரியாகத் தொழில் தொடங்கிய ஐந்தாம் நாள். என் மேசைக்கு எதிரே ஒரு கல்லூரி மாணவன் உட்கார்ந்திருந்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தொலைந்துபோனதற்கு ஒரு அபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம். கையெழுத்து வாங்கி, பதிவேட்டில் எழுதி, சீல் வைத்து அவன் கையில் கொடுத்துவிட்டேன். வெளியே நல்ல மழை. விடட்டும் என்று அங்கேயே உட்கார்ந்தவன், அன்று காலைதான் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த என் தொழில் சான்றிதழைப் படித்துக்கொண்டிருந்தான். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான்.

"மேடம், அதுல கடைசி நம்பர் ஒண்ணு. இதுல ஏழு போட்டிருக்கே?"

எழுந்து போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். கை கால் சில்லிட்டுவிட்டது.

சீல் செய்யக் கோவையில் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். பெயர், பகுதி, பதிவு எண் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் நானே எழுதிக் கொடுத்தேன். ஒன்று எழுதும்போது தலையில் கொக்கி போடுவது என் பழக்கம். கடைக்காரர் அதை ஏழு என்று படித்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. செய்து முடித்ததும் வெள்ளைத்தாளில் நாலைந்து முறை வைத்துக் காட்டினார். வட்டம் பிசிறில்லாமல் இருக்கிறதா, பெயர் தெளிவாக விழுகிறதா என்று பார்த்தேன். மனம் நிறைந்து காசு கொடுத்துவிட்டு வந்தேன். எண்ணைச் சான்றிதழோடு வைத்து ஒரு முறைகூட ஒத்துப் பார்க்கவில்லை. அந்த ஐந்து நாளில் 23 தாள்களில் அந்த ஏழு விழுந்திருந்தது.

"ஒரு எண் மாறினால் என்ன, கையெழுத்து உங்களுடையதுதானே" என்று பின்னால் சிலர் கேட்டார்கள். அப்படி விட்டுவிட முடியாது. நோட்டரி செய்யும் வேலை எதுவும் அவருடைய கையெழுத்தும் அலுவல் முத்திரையும் சேர்ந்து இருந்தால்தான் நோட்டரி செய்ததாக ஆகும் என்று 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த முத்திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை 1956-ஆம் ஆண்டு விதிகளில் 12-ஆம் விதி வரையறுத்திருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் விட்டம். வேலைப்பாடு எதுவும் இல்லாத வட்டம். அதற்குள் நோட்டரியின் பெயர், அவர் வேலை செய்ய நியமிக்கப்பட்ட பகுதி, பதிவு எண், சுற்றி 'நோட்டரி' என்ற சொல், நியமித்த அரசின் பெயர். நோட்டரியை மத்திய அரசும் நியமிக்கும், மாநில அரசும் நியமிக்கும். யார் நியமித்தார்கள் என்பது தெரிய வேண்டும்.

சென்னையிலோ டெல்லியிலோ ஒரு மேசையில் அந்தத் தாளைப் பிரிக்கிறவருக்கு என்னைத் தெரியாது, கோத்தகிரியையும் தெரியாது. அவருக்கு என்னிடம் வந்து சேர இருக்கும் வழி அந்தப் பதிவு எண் ஒன்றுதான். அரசு வைத்திருக்கும் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினால் என் பெயர் வர வேண்டும். ஒன்று ஏழாகிவிட்டால் வேறு யாரோ வருவார், அல்லது யாருமே வரமாட்டார். தாளைக் கொண்டுபோன மனிதர்தான் அப்போது மாட்டிக்கொள்வார்.

அன்று மாலை என் சீனியருக்குப் போன் செய்தேன். குரல் நடுங்கியதை அவர் கவனித்திருக்க வேண்டும். "ஏம்மா, ரிஜிஸ்டர்ல எல்லாம் எழுதியிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றேன். "அப்புறம் என்ன? ஒவ்வொருத்தரையா கூப்பிடு. ஆனா ரெண்டு விஷயம் செய்யாதே. பழைய தாள்லயே பக்கத்துல புது சீல் வைக்காதே. புதுத் தாள்ல பழைய தேதி போடாதே. எல்லாரும் மறுபடி உன் முன்னாடி கையெழுத்துப் போடட்டும், இன்னிக்கு என்ன தேதியோ அதைப் போடு, ரிஜிஸ்டர்ல புது வரிசை எண் கொடு." இந்த மூன்று வாக்கியத்தை நான் இன்றுவரை மாற்றாமல் என் ஜூனியர்களுக்குச் சொல்கிறேன்.

நோட்டரி ஒவ்வொருவரும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். தேதி, என்ன வேலை, யாருக்குச் செய்தது, முகவரி, ஆவணத்தின் சாரம், கட்டணம், வந்தவரின் கையெழுத்து எல்லாம் அதில் ஏற வேண்டும். ஜனவரி மாதத்தில், முந்தைய வருட வேலைக்கு அரசுக்கு ஆண்டறிக்கையும் அனுப்ப வேண்டும். தொடங்கிய புதிதில் அந்தப் பதிவேட்டை எழுதுவது எனக்குப் பாரமாகத்தான் இருந்தது. ஒரு அபிடவிட்டுக்கு எடுக்கும் நேரத்தில் பாதி அதிலேயே போகும். அந்த வாரம் அது இல்லாமல் இருந்திருந்தால் 23 பேரை நான் எங்கே போய்த் தேடியிருப்பேன்?

19 பேர் போன் செய்த ஓரிரு நாளில் வந்துவிட்டார்கள். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. மீதி நான்கு பேரில் மூன்று பேரைத் தேடி நானே பஸ் ஏறினேன். சோலூர்மட்டத்தில் ஒரு பெரியவர் காலில் அடிபட்டுப் படுத்திருந்தார். தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் இன்னொரு கவர் என்று பிரித்து, நான் சீல் வைத்த தாளை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த தாள் தப்பான தாள். அதைக் கையில் வாங்கிய நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். நான்காவது ஆள் ஏற்கெனவே ஓர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். அந்த அலுவலகத்துக்கு நடந்ததை அப்படியே எழுதி, என் சான்றிதழின் நகலையும் புது அபிடவிட்டையும் சேர்த்து அவரிடமே கொடுத்தனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

பழைய சீலின் ரப்பர் முகத்தைப் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி அழித்தேன். அதற்கு முன் ஒரு தாளில் தப்பான சீலையும் சரியான சீலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி போட்டு, காரணம் எழுதி, கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன். இப்போது சீல் செய்யக் கொடுத்தால் துண்டுச் சீட்டு கிடையாது, சான்றிதழின் ஜெராக்ஸ்தான். செய்து வந்ததும் எண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து முன்னால் நோக்கி, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிப்பேன். முன்னாலிருந்து படித்தால் கண் தனக்குத் தெரிந்ததைப் படித்துக்கொண்டு போய்விடும்.

இது நோட்டரிகளுக்கான பாடம். தாள் கொண்டுவருகிறவர்களுக்கும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பையன் கவனித்ததைப் போல் கவனிக்கிறவர் நூற்றில் ஒருவர்தான். மற்றவர்கள் வட்டமாக ஏதோ விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைக்கிறார்கள். வாசல் தாண்டுவதற்கு முன் சீலைப் படியுங்கள். பெயர், பகுதி, எண், அரசு எல்லாம் வாசிக்கிறபடி இருக்கிறதா? ஒரு பக்கம் மை அப்பியோ ஒரு பக்கம் விழாமலோ இருந்தால் அங்கேயே கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நோட்டரி ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் அதன் மேல் கையெழுத்தோ சீலோ குறுக்கே விழுந்து அது ரத்தாகியிருக்க வேண்டும். பல பக்கம் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் சீலும் சுருக்கொப்பமும் வாங்குங்கள். நடுவில் ஒரு பக்கத்தை யாரும் மாற்ற முடியாது. அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்திலும்.

இன்னொன்று, டைப் அடிக்கும்போதே கடைசிப் பக்கத்தின் கீழே நான்கு விரல் இடமாவது விடச் சொல்லுங்கள். ஐந்து சென்டிமீட்டர் வட்டம் விழ இடம் வேண்டும். தாளை மிச்சப்படுத்த அடிவரை எழுத்தை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். சீல் எழுத்தின் மேல் விழுந்தால் எழுத்தும் போச்சு, சீலும் போச்சு.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். போட்டதைப் பார்த்தேன் என்று சொல்வதற்குத்தான் நான் இருக்கிறேன். "அப்பாவுக்கு முடியல, நான் கொண்டாந்திருக்கேன், சீல் மட்டும் போடுங்க அக்கா" என்று வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், மனம் கஷ்டப்பட்டுத்தான். முடியாதவர் கோத்தகிரி வட்டத்துக்குள் இருந்தால் பதிவேட்டோடு நான் அவர் வீட்டுக்குப் போவேன். ஒரு தடவை குன்னூரில் ஆஸ்பத்திரியில் இருந்த ஓர் அம்மாவுக்காகக் கூப்பிட்டார்கள். தூரம் ஒன்றுமில்லை, ஆனால் என் சீலில் இருக்கும் பகுதி அது இல்லை. அங்கே இருக்கும் நோட்டரியைச் சொல்லிவிட்டேன். நகலுக்கு அட்டெஸ்ட் வேண்டுமென்றால் ஒரிஜினல் வேண்டும், அதிலும் விட்டுக்கொடுப்பதில்லை. கட்டண விவரம் அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை, அதைக் கேட்டு வாங்குங்கள்.

தங்க நிறத்தில் பூப்போல் வெட்டிய ஸ்டிக்கர், சிவப்பு நாடா, தாளை அழுத்திப் புடைக்க வைக்கும் எம்போஸ் அச்சு இவற்றைப் பார்த்துத்தான் பலருக்கு நம்பிக்கை வருகிறது. 12-ஆம் விதியில் ஸ்டிக்கரும் இல்லை, நாடாவும் இல்லை. எம்போஸ் அச்சில் ஒரு சங்கடமும் உண்டு. மை இல்லாததால் ஜெராக்ஸிலும் ஸ்கேனிலும் அது விழாது. வெளிநாட்டு அலுவலகம் கேட்டால் வைத்துக் கொடுக்கிறேன், ஆனால் மை சீலையும் தனியாகத் தெளிவாக வைத்துவிட்டுத்தான்.

நம் மலையில் மழைக்காலம் தனிப் பாடம். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. காற்றே ஈரமாக இருக்கும், தாள் நமுத்துப்போய்விடும், சீல் மை பத்து நிமிடமானாலும் காயாது. 2009 நவம்பரில் நீலகிரியே சரிந்து விழுந்த அந்த வாரத்துக்குப் பிறகு, நான் ஜூனியராக இருந்த அலுவலகத்துக்கு வீட்டையும் பத்திரத்தையும் சேர்த்து மண்ணுக்குக் கொடுத்தவர்கள் வந்தார்கள். ரேஷன் கார்டு போய்விட்டது, பட்டா நகல் போய்விட்டது, பள்ளிச் சான்றிதழ் போய்விட்டது என்று ஒவ்வொன்றுக்கும் அபிடவிட். சீனியர் மேசைக்குக் கீழே கரி அடுப்பு வைத்திருந்தார். சீல் வைத்த தாளை அதற்கு மேலே ஒரு முழ உயரத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டி, விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கொடுப்பார். வரிசை வாசல் தாண்டி நின்றாலும் அவசரப்பட மாட்டார். காயாத தாளை மடித்தால் சீல் எதிர்ப்பக்கத்திலும் விழுந்து இரண்டுமே படிக்க முடியாமல் போகும், இருப்பதையெல்லாம் இழந்து வந்தவரை மறுபடி அலைய விடலாமா என்பார். நான் இப்போது மை ஒற்றும் தாளும் ஒரு அட்டை ஃபைலும் வைத்திருக்கிறேன். மழை நாளில் தாளை மடிக்காமல் அட்டைக்குள் வைத்துக் கொடுப்பேன். ஸ்டாம்ப் பேடை மூடியே வைக்க வேண்டும், திறந்து கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் எழுத்தின் குழிகளில் பஞ்சு ஏறி ஒன்று ஏழாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அமெரிக்க சீல் ஒன்றை நெருக்கமாகப் பார்த்தது எனக்கு நல்ல படிப்பு. அரவேணுவில் இருந்து ஓர் அம்மா ஒரு கவரோடு வந்தார். டெக்சாஸில் இருக்கும் மகன், இங்குள்ள பூர்வீக நிலத்தைக் கவனித்துக்கொள்ள அவருக்குப் பவர் பத்திரம் எழுதி அனுப்பியிருந்தார். டெக்சாஸில் நோட்டரி சீல் வட்டமாக இருந்தால் இரண்டு அங்குல விட்டத்துக்கு மேல் போகக் கூடாது, நீள்சதுரமாகவும் இருக்கலாம். நடுவில் ஐந்து முனை நட்சத்திரம், சுற்றி 'நோட்டரி பப்ளிக், ஸ்டேட் ஆஃப் டெக்சாஸ்', நோட்டரியின் பெயர், அடையாள எண், அவருடைய நியமனம் முடியும் தேதி. அழியாத மை, நகல் எடுத்தாலும் படிக்க முடிகிற அச்சு. முடிவுத் தேதி சீலிலேயே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நமக்குச் சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆனால் சீலில் அந்தத் தேதி இருந்தாக வேண்டும் என்று நம் விதி கேட்பதில்லை. நான் கையெழுத்துக்குக் கீழே தனியாக அதை எழுதுகிறேன்.

அந்த அம்மாவின் தாளில் சீலும் சரி, அந்த மாநிலம் கொடுத்த அப்போஸ்டில் சான்றும் சரி. ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான சான்று அது. 2005-இலிருந்து இந்தியாவும் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அம்மா வீட்டில் கல்யாணம் என்று கவரைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். கூரியர் ரசீதை எடுத்து எண்ணிப் பார்த்தால் இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. மறுநாளே ஊட்டிக்கு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். வெளிநாட்டிலிருந்து இப்படித் தாள் வந்தால் கவரையும் கூரியர் ரசீதையும் தூக்கி எறியாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

இதே பவர் பத்திரத்தை இந்தியாவில் இருப்பவர் என்னிடம் எழுதிக் கேட்டால் நான் வேறு பதில்தான் சொல்வேன். இங்கே வசிப்பவர், தன் சார்பில் இன்னொருவர் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய அதிகாரம் தர வேண்டுமென்றால், அதைச் சார்பதிவாளர் முன்னால்தான் எழுதி உறுதிசெய்ய வேண்டும். அதற்கு நோட்டரி சீல் போதாது. நிலம் வாங்குவதற்கும் போதாது. கூடலூர் பக்கத்தில், பழைய ஜமீன் போன்ற உரிமையில் இருந்த, பட்டா இல்லாத ஜன்மம் நிலத்தை நோட்டரி சீல் வைத்த ஒப்பந்தத் தாளை நம்பி வாங்கியவர்கள் என்னிடமும் வந்திருக்கிறார்கள். தோட்டக் கூலியில் வருடக்கணக்கில் சேர்த்த பணம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம் கைமாறினால் பதிவு கட்டாயம். பதிவாகாத தாளில் எத்தனை சீல் விழுந்தாலும் நிலம் உங்கள் பெயருக்கு வராது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "சீல் இருக்கே அம்மா" என்று கேட்கிறவரிடம் இதைச் சொல்வது எனக்கு மிகவும் கஷ்டமான வேலை. கல்யாணமும் விவாகரத்தும் அப்படியே. நோட்டரி தாளால் இரண்டும் நடக்காது, நோட்டரிகள் அதைச் செய்யக் கூடாது என்று 2024-இல் மத்திய சட்ட அமைச்சகமே எழுத்தில் சொல்லிவிட்டது.

என்னிடம் அதிகம் வருவது பெயர் மாறாட்டத்துக்கான அபிடவிட். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இந்த மலையெங்கும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியதே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். அவர்களுடைய பழைய பாஸ்போர்ட்டில் லட்சுமி என்பது எல், இ, டி, சி, எச் என்று ஆரம்பித்து 'லெட்சுமி' ஆகியிருக்கும். ஆதாரில் வேறு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து. மூன்றும் ஒரே ஆள் என்று தாளில் உறுதி சொல்ல வேண்டும். அப்படி வருகிறவர்களிடம் மூன்று பெயரையும் ஒவ்வோர் ஆவணத்தில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்கிறேன். நாமாகத் திருத்தி எழுதினால் நான்காவதாக ஒரு பெயர் பிறந்துவிடும்.

போன மாதம் ஒரு பாட்டி வந்தார். கையெழுத்து தெரியாது, இடது கைப் பெருவிரல் ரேகைதான். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த விரல். ரேகை தேய்ந்து, நுனி கறுத்து, மையில் வைத்தால் வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. வெந்நீரில் துணியை நனைத்து விரலைத் துடைத்து, கொஞ்ச நேரம் என் கைக்குள் வைத்துச் சூடாக்கி, மையைக் குறைத்து, அழுத்தாமல் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு உருட்டினோம். மூன்றாவது தடவையில் நான்கைந்து கோடு தெரிந்தது. சீலை எடுத்தபோது பாட்டி கையைத் தடுத்தார். "வக்கீலம்மா, என் கை மேல வெச்சிடாதீங்க, மறைஞ்சிடும்." ரேகையை விட்டு இரண்டு விரல் தள்ளி வைத்தேன். அவர் குனிந்து இரண்டையும் பார்த்தார். பதிவேட்டிலும் ரேகை வைத்தார், ரசீதைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார்.

மகளுக்கும் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் மாறியிருக்கிறதாம். வருகிற திங்கட்கிழமை கூட்டிவருகிறேன் என்றிருக்கிறார். ஒரிஜினல் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், கையெழுத்தை மட்டும் வீட்டில் போட்டுவிட வேண்டாம் என்றும்.